சரக்கறையும் சாவக நோன்பும்



அருகப் பெருமானின் திருவடிகளை வணங்கி, இம்முறை நாம் சிந்திக்க எடுத்துக்கொள்வது ஆலயமன்று, அடுக்களை. அடுக்களையிலும் அதன் ஓரத்தில் இருக்கும் சரக்கறை. மற்றவர் காண விளக்கேற்றிப் பூசை செய்யும் இடத்தில் நம் அறம் ஒழுங்காகவே இருக்கும். ஒருவரும் காணாத சரக்கறையில், அதுவும் நாடு முழுதும் அஞ்சி நிற்கும் ஒரு காலத்தில், நாம் எவ்வளவு வாங்கினோம், எவ்வளவு அடுக்கினோம், எவருக்குக் கொடுத்தோம் என்பதில்தான் நம் அணுவிரதங்களின் உண்மை தெரியும்.

உணவு கிடைக்குமோ என்னும் அச்சம் உலகுக்குப் புதிதன்று. போகபூமிக் காலம் முடிந்து கற்பக மரங்கள் மறைந்தபோது, கேளாமலே பெற்று வாழ்ந்த மக்கள் பசியென்பதை முதன்முறையாக அறிந்தனர் என்று ஜினசேன ஆசாரியர் மகாபுராணத்தில் உரைக்கின்றார். அவர்கள் நடுங்கி நாபிராஜனை அடைந்தனர். தானாக விளைந்து நின்ற தாவரங்களுள் உண்ணத் தக்கவை இவை, விலக்கத் தக்கவை இவை என்று அவர் காட்டினார். பின்னர் ஆதிபகவன் உழவு முதலிய அறுவகைத் தொழிலையும் கற்பித்தார். இதில் நாம் உணர வேண்டியது ஒன்றுண்டு. அம்மக்களுக்குப் பெருமான் மறைந்த கற்பக மரங்களை மீட்டுத் தரவில்லை. உள்ளதைக் கொண்டு முறையாக வாழும் வழியைத் தந்தார். இல்லறத்தான் சமையல் என்பது அன்று தொடங்கியது. பற்றாக்குறையின் மடியில் பிறந்த கலை அது.

இனி நம் காலத்துக்கு வருவோம். 2020ஆம் ஆண்டு மார்ச் 24ஆம் நாள் இரவு, கொரோனா நோயின் காரணமாக நாடு முழுதும் 21 நாள் ஊரடங்கு அறிவிக்கப்பட்டது. அந்நாள்களில் கடைவாயிலில் நின்ற கூட்டத்தை நாம் எல்லோரும் கண்டோம். கண்டோம் என்று சொல்லி விலகிக்கொள்ள எமக்கு வாயில்லை. அக்கூட்டத்தில் யாமும் நின்றோம். நால்வர் வாழும் எம் இல்லத்துக்கு 25 கிலோ அரிசி மூட்டை இரண்டு, கோதுமை மாவு 15 கிலோ, துவரம்பருப்பு 8 கிலோ, ரவை, கடலைமாவு எனச் சுமந்து வந்தோம். எமக்குப் பின்னால் நின்றிருந்த ஒரு பெரியவர் இரண்டு கிலோ மாவு கேட்டபோது கடைக்காரர் கையை விரித்ததும் எம் காதில் விழுந்தது. விழுந்தும் யாம் திரும்பிப் பார்க்கவில்லை. கையில் இருந்த சுமையைவிட அதுவே இன்றும் கனக்கின்றது.

ஆனி மாதம் பிறந்தபோது எம் சரக்கறையின் உண்மை வெளிப்பட்டது. மாவில் புழு நூல் கட்டியிருந்தது. இரண்டாவது மூட்டை அரிசியில் வண்டு ஊர்ந்தது. பருப்பில் துளை விழுந்திருந்தது. எம் இல்லத்து மூதாட்டியார் முறத்தை எடுத்துக்கொண்டு தாழ்வாரத்தில் அமர்ந்தார். வெயிலில் கொட்டினால் அரை நாழிகையில் முடிந்துவிடும் வேலையை அவர் அவ்வாறு செய்யவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகச் சலித்து, அந்த உயிர்களைச் சிறிது நொய்யோடு சேர்த்து வேப்பமர நிழலில் கொண்டுபோய் விட்டார். மூன்று நாள் அவ்வேலை நடந்தது. மூன்றாம் நாள் மாலை முறத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு அவர் சொன்னார்: "அன்று கடையில் ஒருவர் பங்கை வாங்கிவந்தீர்கள். அத்தோடு இத்தனை உயிரின் பாவத்தையும் சேர்த்து வாங்கிவந்தீர்கள். விலை கொடுத்தது ஒன்றுக்குத்தான்."

அன்புடையீர், கொல்லாமையும் பொருள் வரைதலும் இரு வேறு விரதங்கள் என்று நாம் ஏட்டில் படிக்கின்றோம். சரக்கறையில் அவை ஒன்றே. அளவுக்கு மிஞ்சிச் சேர்த்த தானியம் உயிர்கள் பிறக்கும் இடமாகின்றது. பிறந்த உயிர்கள் நம் கையாலே மடிகின்றன. சமந்தபத்திர ஆசாரியர் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் பொருள் வரைதல் என்னும் விரதத்துக்குரிய ஐந்து குற்றங்களுள் ஒன்றாக அதிசங்கிரகத்தை, அதாவது அளவிறந்து சேர்த்தலை, எண்ணி வைத்தார். வணிகன் விலையேறும் என்று தானியத்தைப் பூட்டி வைப்பது மட்டுமே அக்குற்றம் என்று நாம் எண்ணியிருந்தோம். அச்சத்தால் பூட்டி வைக்கும் இல்லறத்தானும் அதற்குள் அடங்குவான். ஆசை சேர்த்தாலும் அச்சம் சேர்த்தாலும் அடுத்தவன் கலம் காலியாவது ஒன்றுபோலத்தானே?

அங்ஙனமாயின் ஒன்றும் சேர்த்து வைக்கலாகாதா என்று கேட்பீர்கள். துறவியர்க்கு அது பொருந்தும். இல்லறத்தார்க்குச் சேமிப்பு கடமை. இல்லாதவன் எதைக் கொடுப்பான்? ஆனால் அதற்கு முறையுண்டு. அம்முறையை நம் முன்னோர் நமக்கு வகுத்துத் தந்துள்ளனர்.

முதலாவது, தானியமாக வைப்போம், மாவாக வைக்கவேண்டா. மாவுக்கு மழைக்காலத்தில் 3 நாள், கோடையில் 5 நாள், குளிர்காலத்தில் 7 நாள் என்று நம் ஆசாரம் எல்லை வகுத்திருக்கின்றது. ஈரக்காற்றில் மாவு விரைவில் கெடும் என்பதை அறிந்து வகுத்த எல்லை அது. அவ்வப்போது வேண்டியதை அரைத்துக்கொள்ளும் இல்லத்தில் 15 கிலோ மாவுக்கு இடமே இராது.

இரண்டாவது, உயிர் தோன்றிய பின் போக்குவதைக் காட்டிலும் தோன்றாமற் காப்பதே அறம். வாங்கிய உடனேயே பயறு பருப்புகளை நன்கு உலர்த்தி, ஈரமற்ற கலத்தில் இட்டு, காய்ந்த வேப்பிலையோ வசம்போ மிளகாய் வற்றலோ போட்டு மூடுதல் நம் பாட்டிமார் வழக்கம். துவரம்பருப்பில் சிறிது விளக்கெண்ணெய் தடவி வைப்பதும் உண்டு. வண்டு வந்தபின் வெயிலில் இடுவது கொலை. வருமுன் இடுவது காவல்.

மூன்றாவது, ஒரு திங்களுக்கு வேண்டியதற்கு மேல் வைக்கவேண்டா. பழையதை முன்னும் புதியதைப் பின்னும் வைத்து முறைப்படி எடுப்போம். இன்ன பொருள் இவ்வளவே என்று ஓர் ஏட்டில் எழுதிச் சரக்கறைக் கதவில் மாட்டிவைத்தால், போகோபபோக பரிமாணம் என்னும் விரதத்தைக் கைக்கொள்ள அதைவிட எளிய தொடக்கம் இல்லை.

இம்முறையில் வைத்த சிறு சரக்கறை இடர்க்காலத்தில் போதுமா? போதும். நம் சமையல் இடர்க்காலத்துக்கென்றே அமைந்தது போன்றது. வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்கு வரவில்லை என்று ஊர் கலங்கும் நாளில் நாம் கலங்கவேண்டிய தேவை இல்லை. மிளகு, சீரகம், பெருங்காயம், சுக்கு, புளி, உப்பு இவற்றோடு பயறும் பருப்பும் இருந்தால் நம் அடுப்பு எரியும். அட்டமி, சதுர்த்தசி நாள்களில் பச்சைக் காய்கறி விலக்கும் இல்லங்களில் கொத்தவரை வற்றலும் மாங்காய் வற்றலும் அப்பளமும் எப்போதும் இருக்கும். மற்றவர்க்கு நெருக்கடியாக வந்தது நமக்குப் பழகிய நோன்பு நாளாகவே இருந்தது.

ஒரு பங்கு பாசிப்பயற்றை வறுத்து, மூன்று பங்கு அரிசி நொய்யோடு சேர்த்துக் குழைய வேகவைத்து, சுக்கும் சீரகமும் உப்பும் இட்டால் ஒரு குடும்பத்துக்கு ஒரு வேளைக் கஞ்சி. வறுத்த துவரம்பருப்பு, மிளகு, சீரகம், மிளகாய் வற்றல், புளி, உப்பு இவற்றை அரைத்தால் துவையல். இவ்விரண்டுக்கும் சந்தைக்குப் போகவேண்டிய தேவையே இல்லை.

2020இல் பிள்ளைகள் வீட்டிலேயே அடைபட்டிருந்தபோது கேக் வேண்டுமென்று கேட்டார்கள். முட்டையின்றிக் கேக் உப்பாது என்று அவர்கள் எங்கோ கேட்டிருந்தனர். அதை மறுத்துரைப்பதைவிடச் செய்து காட்டுவது எளிதாயிற்று. கோதுமை மாவு ஒன்றரைக் கோப்பை, கெட்டித் தயிர் ஒரு கோப்பை, வடிகட்டிய வெல்லம் முக்கால் கோப்பை, எண்ணெய் மூன்றில் ஒரு கோப்பை, சமையல் சோடா முக்கால் தேக்கரண்டி, ஏலப்பொடி சிறிது. தயிரின் புளிப்பும் சோடாவின் காரமும் கூடும்போது எழும் வாயுவே மாவை உப்பச் செய்கின்றது. அதற்கு முட்டையும் வேண்டா, ஈஸ்டும் வேண்டா. கனத்த பாத்திரத்தில் மணல் பரப்பிச் சூடேற்றி, அதன்மேல் ஒரு தாங்கி வைத்து, நெய் தடவிய தட்டில் மாவை ஊற்றி மூடி, சிறுதீயில் முக்கால் மணி நேரம் வைத்தால் வெந்துவிடும். கோதுமை இருபிளவாகும் பயறன்று. ஆதலால் தயிரோடு சேர்வதில் துவிதள தோஷம் இல்லை. கடலைமாவில் செய்ய நினைப்போர் இதைக் கருதவேண்டும். பிற்பகல் மூன்று மணிக்கு அடுப்பேற்றினால் கதிரவன் மறையுமுன் பிள்ளைகள் உண்டு முடிப்பர். அன்று அவர்கள் உண்டது இனிப்பு மட்டுமன்று. விரதம் என்பது இன்பத்துக்கு வேலியிடுவதில்லை, துன்பம் தருவதற்கே வேலியிடுகின்றது என்பதையும் சேர்த்தே உண்டனர்.

2024 நவம்பர் 30ஆம் நாள் இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. சாத்தனூர் அணை திறக்கப்பட்டுத் தென்பெண்ணையில் வெள்ளம் பெருகியது. நம் மக்கள் வழிவழியாக வாழும் விழுப்புரம், திண்டிவனம், திருவண்ணாமலைப் பகுதிகள் துன்புற்றன. மின்சாரமில்லாத வீடுகளில் மிக்சியும் குளிர்பெட்டியும் வெறும் பெட்டிகளாயின. அத்தகைய நாளில் அம்மியும் உரலும் உள்ள வீடு நிமிர்ந்து நிற்கும். பொழுது சாயுமுன் உண்டு முடிக்கும் வழக்கமுள்ள வீட்டில் இருள் ஒரு குறையாகத் தோன்றாது. இராவுண்ணாமையைப் பழமை என்று எள்ளியவர்களும் மெழுகுவத்தி வெளிச்சத்தில், விழும் பூச்சிகளுக்கிடையே உண்ணும்போது அதன் அருமையை உணர்ந்திருப்பர்.

இடையூற்றுக்கு நடுவே ஒழுக்கம் தவறாது சமைத்த ஒருத்தியைச் சிலப்பதிகாரம் நமக்குக் காட்டுகின்றது. செல்வமெல்லாம் இழந்து, காவுந்தி அடிகளோடு நெடுவழி நடந்து, மதுரைப் புறத்தே மாதரி என்னும் ஆய்மகள் இல்லத்தில் கண்ணகி தங்கினாள். வந்தவன் சாவக நோன்பி என்பதறிந்து மாதரி நற்கலங்களையும் உணவுப் பொருள்களையும் தந்தாள். இளங்கோவடிகள் அப்பொருள்களை எண்ணிச் சொல்கின்றார். பலாக்காய், வெள்ளரி, மாதுளங்காய், மாங்கனி, வாழைக்கனி, சாலியரிசி, ஆவின்பயன் என அமையும் அப்பட்டியலில் ஒரு கிழங்கும் இல்லை. அறியாத வீடு, பழகாத அடுப்பு, புகையால் சிவந்த கண், காயரிந்து சிவந்த விரல். ஆயினும் அவள் விதியை நோவவில்லை. பகலிலே ஆக்கி, பனையோலைத் தடுக்கிட்டு, வாழைக்குருத்தில் கணவனுக்குப் படைத்தாள். அவனுக்கு அவள் ஆக்கிய கடைசி உணவு அது என்பதை அவள் அறியாள். எந்த உணவு கடைசி உணவு என்பதை நாமும் அறியோம். ஆதலால் ஒவ்வொரு வேளையும் முறைதவறாது சமைக்கக் கடமைப்பட்டுள்ளோம்.

அவளினும் எளிய உணவைக் கையில் வைத்திருந்தவள் சந்தனை. வைசாலி மன்னன் சேடகனின் மகளாகப் பிறந்தும், கவர்ந்து செல்லப்பட்டு, கோசாம்பி நகரத்து வணிகன் இல்லத்தில் அடிமைபோல் வாழ்ந்தாள். அவ்வணிகன் மனைவி ஐயுற்று அவளை விலங்கிட்டு, மண் அகலில் காடி கலந்த வரகுச்சோறு உண்ணத் தந்தாள். அந்நேரத்தில் மகாவீரப் பெருமான் அவ்வீதியில் ஆகாரத்துக்கு எழுந்தருளினார். அரண்மனைகள் நிறைந்த நகரில் அவர் ஏற்றது அந்த வரகுச்சோற்றை. அவளுடைய சீலத்தின் பெருமையால் வரகு சாலியாயிற்று, மண்கலம் பொற்கலமாயிற்று, விலங்கும் கழன்றது என்று உத்தரபுராணம் கூறும். பின்னாளில் பெருமானின் சங்கத்து ஆர்யாங்கனையர் 36,000 பேருக்கும் தலைவியானவள் அவளே. நாம் இதைக் கேட்கும்போது பொற்கலத்தையே நினைவில் வைக்கின்றோம். அதற்கு முன் நடந்ததை நினைவில் வைத்தல் வேண்டும். அவளிடம் இருந்தது ஒரு வேளைச் சோறு. தன் பசி தீர்ந்தபின் மிஞ்சியதை அவள் கொடுக்கவில்லை. பசியோடிருந்தே கொடுத்தாள்.

இங்கு நாம் ஒன்றைத் தெளிவாகப் பிரித்தறிய வேண்டும். தத்துவார்த்த சூத்திரத்தின் ஒன்பதாம் இயலில் சொல்லப்படும் புறத்தவங்கள் ஆறனுள் முதல் நான்கும் உணவைப் பற்றியனவே. உண்ணாமை, குறைய உண்ணல், உணவு ஏற்பதில் வரையறை கொள்ளல், சுவை விடுதல் என்பன அவை. பால், தயிர், நெய், எண்ணெய், இனிப்பு, உப்பு இவற்றுள் ஒன்று சரக்கறையில் தீர்ந்தால் நாம் முகம் சுளிக்கின்றோம். அதையே முன்னதாக நாமே விட்டிருந்தால் அது ரசபரித்தியாகம் என்னும் தவம். தட்டில் உள்ள உணவு இரண்டிடத்தும் ஒன்றே. மனம் நொந்து உண்டால் ஆர்த்தத்தியானம், உவந்து உண்டால் வினை உதிர்ப்பு. உப்பில்லாக் கஞ்சியில் உப்பைத் தேடும் மனத்தை ஒரு நாள் கட்டினாலும் அந்நாள் வீண்போகாது.

ஆனால் இதை நமக்கு மட்டுமே சொல்லிக்கொள்ளும் உரிமை நமக்குண்டு, பிறர்க்குச் சொல்லும் உரிமை இல்லை. 2020இல் வேலையிழந்து, குழந்தைகளைத் தோளில் சுமந்து, பல நூறு கிலோமீட்டர் நடந்து ஊர் திரும்பினர் தொழிலாளர். அவர்தம் பசியைத் தவமென்று புகழ்ந்துவிட்டு நாம் நிறைந்த வயிற்றோடு உறங்கினால், அது அறத்தின் பெயரால் செய்யும் கொடுமை. தானே ஏற்ற பசியே தவம். பிறர்மேல் விழுந்த பசி நமக்கு வந்த அழைப்பு. ஆகாரதானம், அபயதானம், ஔஷததானம், சாத்திரதானம் என்னும் நான்கனுள் ஆகாரதானத்தை முதலில் வைத்த கருத்தும் இதுவே. பசித்தவன் அறம் கேட்க இயலாது.

அவ்வாண்டு ஏப்ரல் 6ஆம் நாள் மகாவீர ஜயந்தி ஊரடங்குக்குள் வந்தது. ஆலயம் செல்ல இயலாத நிலையில், இல்லத்திலேயே பெருமான் படத்தின் முன் அரிசியும் பாசிப்பருப்பும் வெல்லமும் இட்டுப் பொங்கல் வைத்தோம். முந்திரியும் திராட்சையும் இல்லை. அப்போதுதான் கடைவாயிலில் வெறுங்கையோடு நின்ற அந்தப் பெரியவரின் நினைவு எம்மை வாட்டியது. அவர் இன்னாரென்று அறியோம். ஆதலால் எம் தெருமுனைக் கட்டடத்தைக் காத்திருந்த காவலாளிக்கும் அவர் மனைவி மக்களுக்கும் அப்பொங்கலில் பாதியையும் பத்துக் கிலோ அரிசியையும் கொண்டு சென்றோம். அதைத் தானமென்று சொல்ல நாணுகின்றோம். பிறர் பங்கைக் காலந்தாழ்த்தித் திருப்பித் தந்தோம் என்பதே உண்மை. எஞ்சியதையும் அன்றே கொடுத்திருந்தால் ஆனியில் அம்முறத்துக்கு வேலை இருந்திராது.

அதே மாதம் 26ஆம் நாள் அட்சய திருதியை. ஆதிபகவன் துறவு பூண்டு ஆறு திங்கள் உண்ணாநோன்பு முடித்தபின் ஆகாரத்துக்கு எழுந்தருளியபோது, கொடுக்கும் முறை எவருக்கும் தெரியவில்லை. மணியும் பொன்னும் குதிரையும் கொண்டுவந்து நீட்டினர். பெருமான் ஏற்காது நடந்தார். இறுதியில் அத்தினாபுரத்தில் சிரேயாம்ச மன்னன் முற்பிறவி நினைவால் முறையறிந்து கருப்பஞ்சாற்றைக் கையில் வார்த்தான். பெருங்கொடையெல்லாம் பயனற்றுப் போன இடத்தில் ஒரு கை சாறு பயன்பட்டது. இடர்க்காலத்தில் நாமும் பெரிதாக ஏதேனும் செய்யவேண்டும் என்று எண்ணியே ஒன்றும் செய்யாதிருந்து விடுகின்றோம். பக்கத்து வீட்டு முதியவருக்கு ஒரு செம்பு கஞ்சி அன்றைக்குப் போதுமானதாக இருக்கும்.

ஆகையால் நம் இல்லங்களில் ஒரு வழக்கத்தை மீண்டும் தொடங்குவோம். நாள்தோறும் உலையில் அரிசி இடுமுன் ஒரு பிடியைத் தனிக் கலத்தில் இடுவோம். ஒரு பிடி 50 கிராம் என்று கொண்டால் திங்களுக்கு ஒன்றரைக் கிலோ. இருபது இல்லங்கள் சேர்ந்தால் 30 கிலோ. புயலோ நோயோ வரும் நாளில் அவ்வூர் ஆலயத்தில் அது அரிசியாக நிற்கும். அப்பானையில் அரிசி நெடுநாள் கிடவாமல் மாதந்தோறும் எளியவர்க்குச் சென்று சேரவேண்டும். இல்லையேல் அதுவும் அதிசங்கிரகமே. அப்பிடியைக் குழந்தைகளின் கையால் இடச் செய்வோம். கைப்பழக்கம் மனப்பழக்கமாகும்.

வடநாட்டில் பன்னீராண்டுப் பஞ்சம் வருமென உணர்ந்த பத்திரபாகு முனிவர் சங்கத்தோடு தெற்கே வந்தார் என்பது நம் மரபு. வயிற்றுக்காக விரதத்தை விடாமல், விரதத்துக்காக ஊரை விட்டார்கள் அவர்கள். அவ்வழி வந்த நெறியைப் பெற்ற நாம் நான்கு நாள் கடையடைப்புக்கு நெறி தடுமாறலாமா?

இன்று மாலை, பொழுது மறையுமுன், ஒவ்வொருவரும் தம் சரக்கறைக் கதவைத் திறந்து பார்ப்போம். நமக்கு வேண்டியது எவ்வளவு, அச்சம் சேர்த்தது எவ்வளவு என்று பிரித்தெடுப்போம். அச்சம் சேர்த்தது எவருடையதோ, அவரைத் தேடிச் சென்று கொடுப்போம். கண்ட பிறகு கதவை மூடிக்கொள்ளாதிருப்போம்.

எல்லா உயிரும் இன்புற்று வாழ்க! அருகன் அறநெறி ஓங்குக!